நிற்குமிடத்தைத் தேடி: சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் கைக்கேமராவுடன்

சேலத்தில் படம் எடுக்க நல்ல இடம் எது என்று கேட்டால், ஏற்காடு, மேட்டூர் அணை, கோட்டை மாரியம்மன் கோயில், தாரமங்கலம் என்று நான்கைந்து பெயர்களை எவரும் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். பணி மாறுதலில் இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கும் அந்தப் பெயர்களே கிடைத்தன. சொன்னவர்கள் அன்போடும், தங்கள் ஊரின் மீதுள்ள பெருமையோடும் சொன்னார்கள். அவை எல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள்தாம். ஆனால் முக்காலியோ, நடுக்கத்தைச் சமன்செய்யும் கிம்பல் என்ற கருவியோ இல்லாமல் கேமராவைக் கையில் பிடித்து எடுப்பவருக்கு இன்னொரு விடையும் தேவைப்படுகிறது: எங்கே நின்றால் உடம்பு ஆடாமல் இருக்கும், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும், யாருடைய வேலைக்கும் இடைஞ்சலாகாமல் அங்கே கால் மணி நேரம் நிற்க முடியுமா? காட்சி எங்கே இருக்கிறது என்பதை ஊர் சொல்லிவிடும். நிற்குமிடத்தை நாமேதான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். விடுமுறை நாட்களில் கைத்தொழில்களைப் பற்றிச் சிறு ஆவணப் படங்கள் எடுப்பவன் என்ற முறையில், சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் அப்படிப்பட்ட இடங்களைத் தேடியபோது தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முக்காலியை ஏன் எடுத்துச் செல்வதில்லை என்று பலர் கேட்பதுண்டு. செவ்வாய்ப்பேட்டையின் சந்து ஒன்றில் முக்காலியை விரித்தால், தள்ளுவண்டியும் சைக்கிளும் போகும் வழி அடைபட்டுப்போகிறது. அதோடு, சுற்றி இருப்பவர்கள் தங்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேமராவைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். கையில் பிடித்த சிறு கேமரா அந்தச் சலனத்தை உண்டாக்குவதில்லை. அதற்கு ஈடாக, முக்காலி செய்யும் வேலையை நம் உடம்பும் நாம் நிற்கும் இடமும் செய்தாக வேண்டும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து, கழுத்துப் பட்டையை முன்னோக்கி இழுத்து விறைப்பாக்கி, மூச்சை மெல்ல வெளியே விட்டபடி எடுப்பது ஓரளவு உதவும். முதுகுக்கு ஒரு தூணோ சுவரோ கிடைத்துவிட்டால் அதன் பலன் பன்மடங்கு. ஆகவே புதிய இடத்துக்குப் போனவுடன் நான் முதலில் பார்ப்பது சாய்மானத்தைத்தான்: மூடிய கடையின் ஷட்டர், விளக்குக் கம்பம், திண்ணை, பாலத்தின் கைப்பிடிச் சுவர், டீக்கடை பெஞ்சு. சாய்மானம் இருந்து காட்சி சற்றுச் சுமாராக இருந்தாலும் படம் தேறிவிடும். காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் சாய்மானம் இல்லாத இடத்தில் எடுத்ததைப் பெரிய திரையில் பத்து விநாடி பார்க்க முடியாது.

இதோடு தொடர்புடையது லென்ஸ். 24 மி.மீ. முதல் 35 மி.மீ. வரையிலான அகலக் கோணத்தில் கையின் நடுக்கம் சிறிதாகத் தெரியும். தொலைவிலிருந்து இழுத்து எடுக்க எடுக்க அதே நடுக்கம் பெரிதாகும். அப்படியென்றால் கைக்கேமராக்காரர் பொருளுக்கு அருகே போயாக வேண்டும். அருகே போக வேண்டுமானால் அங்கே இருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும். இடத்தைத் தேடுவது என்பதில் பாதி, மனிதர்களின் சம்மதத்தைத் தேடுவதுதான்.

வீட்டிலிருந்து புறப்படுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சேலத்தைச் சுற்றி நாலாபுறமும் மலைகள் இருக்கின்றன: வடக்கே நகரமலை, வடகிழக்கே சேர்வராயன், கிழக்கே கோதுமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. திருவாரூர்ப் பக்கத்துச் சமவெளியில் வளர்ந்த எனக்கு, தெருவின் கடைசியில் நிற்கும் மலையைப் பார்த்தே திசையைச் சொல்லிவிட முடிகிற ஊர் பெரிய வசதியாகப் பட்டது. திசை தெரிந்துவிட்டால், எந்தத் தெருவில் காலை வெயில் நீளவாக்கில் ஓடும், எதில் ஒரு பக்கச் சுவரில் மட்டும் விழும் என்பதை வரைபடத்தை வைத்துக்கொண்டே கணித்துவிடலாம். மே மாதக் கடைசியில் இங்கே சூரியன் 5.50 வாக்கில் உதிக்கிறது. ஜனவரிக் கடைசியிலோ 6.40 தாண்டிவிடுகிறது. மலைகள் அடிவானத்தை உயர்த்திவிடுவதால் நேரடி வெயில் தெருவுக்கு வர இன்னும் சில நிமிடங்கள் பிடிக்கும்.

உச்சிப் பொழுதும் இங்கே சரியாக 12 மணிக்கு வருவதில்லை. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சேலம் அதற்கு மேற்கே 78 பாகையைச் சற்றுத் தாண்டி இருப்பதால், சூரியன் உச்சிக்கு வர ஆண்டுச் சராசரியாகப் பன்னிரண்டே கால் ஆகிவிடும். ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும் அது நேர் தலைக்கு மேலே நிற்கிறது. அந்த நாட்களின் நண்பகலில் தெருவில் எடுத்தால் மனிதர்களின் கண்குழிகள் கறுத்து, முகம் தெரியாமல் போய்விடும். அந்த நேரத்தைக் கூரையுள்ள இடங்களுக்கு ஒதுக்கிவைப்பது நல்லது. சேலத்தில் அப்படிப்பட்ட இடங்களுக்குக் குறைவே இல்லை.

அடுத்தது, கேமரா இல்லாமல் ஒரு முறை நடப்பது. கையில் கேமரா இருந்தால் கண் படச் சட்டத்துக்குள் (ஃபிரேம்) அடைபட்டுவிடும். இல்லாதபோதுதான் சத்தமும் வாசனையும் ஆட்கள் நடமாடும் வழியும் தெரியவரும். ஜங்ஷனிலிருந்து பழைய பேருந்து நிலையம் வரை டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்விட்டு, பிறகு அக்ரஹாரத் தெருக்கள், சின்னக்கடை வீதி, செவ்வாய்ப்பேட்டை என்று கால் போன போக்கில் நடந்ததில் எனக்குக் கிடைத்த இடங்கள் எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் இல்லை. இடையில் டீக்கடையில் உட்கார்ந்துவிட வேண்டும். எந்த மண்டிக்கு எப்போது சரக்கு வரும், எந்தச் சந்தில் தறி ஓடுகிறது, யாரிடம் பேசினால் வேலை நடக்கும் என்பதெல்லாம் அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கேட்கும்போது, 'படம் எடுக்க நல்ல இடம் எது' என்று கேட்பதைவிட, 'காலையில் இங்கே முதலில் வேலை தொடங்குவது யார்' என்று கேட்பது மேல். முதல் கேள்விக்கு ஏற்காடு என்றுதான் விடை வரும். இரண்டாவதற்கு ஆளும் நேரமும் தெருவும் சேர்ந்து வரும்.

வ.உ.சி. பூ மார்க்கெட் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. விடியற்காலையில் பூ மூட்டைகள் வந்து இறங்கும். பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளி சாகுபடி அதிகம் என்பதால் அரளி மொக்குகள் சாக்குச் சாக்காக வரும். மல்லி, சம்பங்கி, சாமந்தி எல்லாம் பக்கத்திலேயே குவியும். முதல் நாள் பார்த்தவுடன் மனம் நிறத்தின் பக்கம்தான் போகும். ஆனால் அங்கே முதலில் கவனிக்க வேண்டியது சுமை தூக்குபவர்கள் போகும் பாதை. தலையில் மூட்டையோடு வருபவருக்குக் கீழே நிற்கும் ஆள் தெரியாது. "வழி, வழி" என்ற குரல் வந்த அடுத்த நொடியே மூட்டை வந்துவிடும். அந்தப் பாதையை நாலைந்து முறை கண்ணால் தொடர்ந்து பார்த்து, அது திரும்பும் முனையில் எந்தப் பக்கம் எப்போதும் காலியாக இருக்கிறது என்று கண்டுகொண்டால் அதுதான் நிற்குமிடம். இரண்டு கடைகளுக்கு நடுவே உள்ள தூணில் முதுகைச் சாய்த்து நின்றால், மூட்டைகள் நம்மை நோக்கி வந்து, சட்டத்தை நிறைத்து, விலகிப் போகும். கேமராவை அசைக்கவே வேண்டாம். அசைவை அவர்களே கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

அதே மார்க்கெட்டில் பூக் கட்டும் ஓர் அம்மாவின் கைகளை எடுக்க அனுமதி கேட்டேன். "எடுத்துக்கோ கண்ணு, மூஞ்சி மட்டும் வேண்டாம்" என்றார். "சரிங்கம்மா, கை மட்டும்தான்" என்று சொல்லி, எடுத்ததை உடனே அவரிடம் காட்டினேன். இடது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே நாரை இழுத்துப் பிடித்து, இரண்டு மொக்கை இப்புறமும் இரண்டு மொக்கை அப்புறமுமாகக் காம்பு சேர வைத்து, வலது கையால் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சை இறுக்கும்போது, நார் அழுந்துகிற இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் துளிர்த்து விரலின் வழியாக ஓடும். அந்தச் சொட்டைப் பிடிக்க, தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி, ஓரடித் தொலைவில் காத்திருக்க வேண்டியிருந்தது. முழங்கையின் கூர் எலும்பு முழங்காலின் மூட்டு எலும்பின் மேல் நிற்கக் கூடாது, வழுக்கும். மேற்கையின் சதைப்பகுதி முழங்காலில் படிந்திருக்க வேண்டும். பொதுவாக, வேலை செய்யும் கைகளை எடுக்க மிகச் சிறந்த உயரம் அந்தக் கைகளின் உயரமே. நின்றுகொண்டு கீழ்நோக்கி எடுத்தால் உச்சந்தலைதான் அதிகம் விழும்.

விடியற்காலை மார்க்கெட்டுகளில் விளக்கு வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல் விளக்குகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். அது நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரிந்துவிடும். விநாடிக்கு 25 சட்டம், கேமராவின் ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 விநாடி என்று வைத்தால் படத்தில் பட்டை ஓடாது. கைப்பேசிகள் பெரும்பாலும் 30 சட்டத்தில்தான் தாமாகத் தொடங்கும். ஷட்டரும் தானியங்கியாக 1/60-க்குப் போய்விட்டால் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்து படத்தைக் கெடுக்கும். அதோடு, இருட்டில் கைப்பேசியின் மின்னணு நிலைப்படுத்தியை நம்பி நடந்துகொண்டே எடுப்பதும் பயன் தராது. சட்டம் நேராக நின்றாலும் விளக்குகள் ஒவ்வோர் அடிக்கும் இழுபட்டு மங்கும். இருட்டில் நிற்பதே நல்லது.

செவ்வாய்ப்பேட்டையின் லீ பஜார் மொத்த வியாபாரத்துக்குப் பேர்போனது. லாரிகள் நுழையும் நேரத்தில் அங்கே கைக்கேமராவுக்கு இடமே இல்லை. சரக்கு இறங்கிய பிறகு, கணக்கெழுதும் வேளையில் போனால் மண்டிக்காரர்கள் பேசவும் நேரம் இருக்கும். வெல்ல மண்டிகளும் அப்படித்தான்.

சேலம் என்றால் வெள்ளிக் கொலுசு. செவ்வாய்ப்பேட்டை, பள்ளப்பட்டி, சிவதாபுரம் ஆகிய இடங்களில் வீட்டோடு சேர்ந்த பட்டறைகள் நிறைய உண்டு. இவை கைக்கேமராவுக்கென்றே அமைந்த இடங்கள் என்று சொல்வேன். சிறிய அறை, ஒரு பக்கக் கதவு அல்லது ஜன்னல் வெளிச்சம், தரையில் உட்கார்ந்து செய்யும் வேலை. பற்றவைக்கும்போது சுடர் ஆடக் கூடாது என்பதால் மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள், ஒலிப்பதிவும் அதனால் சுத்தமாகக் கிடைக்கும். ஆனால் வெள்ளி இருக்கும் அறைக்குள் அறிமுகமில்லாத ஒருவர் கேமராவோடு நுழைவதை எந்தப் பட்டறைக்காரரும் எளிதில் ஏற்க மாட்டார், ஏற்கவும் கூடாது. டீக்கடையில் பழக்கமான ஒருவர் கூட வந்து, "நம்ம ஆளுதாண்ணா, வேலையை மட்டும் எடுப்பாரு" என்று சொன்ன பிறகே எனக்குக் கதவு திறந்தது. அங்கே நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது: வாசல், பெயர்ப் பலகை, பீரோ, பூட்டு, தராசின் எண் எதையும் எடுப்பதில்லை, தெருவின் பெயரைப் படத்தில் சொல்வதில்லை, செருப்பை வெளியே விட்டுவிட்டு, உட்காரச் சொன்ன இடத்தை விட்டு நகர்வதில்லை. தரையில் உதிரும் வெள்ளித் துகளைக்கூடக் கூட்டிச் சேர்த்து உருக்கி எடுக்கும் தொழில் அது. நம் காலில் ஒட்டிக்கொண்டு போவதும் அவர்களுக்கு நட்டம்தான்.

பட்டறைக்குள் வெளிச்சத்தை அளப்பதில் ஒரு முடிவை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். சுடருக்கு ஏற்ப அளவு வைத்தால் அறை இருண்டுவிடும். அறைக்கு ஏற்ப வைத்தால் சுடர் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். நான் சுடரையே தேர்ந்தெடுக்கிறேன். கொலுசின் கண்ணிகள் ஒன்றோடொன்று கூடும் இடத்தில் வெள்ளி ஒரு கணம் சிவந்து, பளிச்சென்று ஓடிப் பரவி, உடனே மங்குவது அந்த அளவில்தான் தெரியும். தானியங்கியை அணைத்துவிட வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாபேட்டைப் பக்கம் தறிகள். புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு இந்த ஊருக்கு உரியது. குழித்தறியில் நெசவாளர் குழிக்குள் காலை இறக்கி அமர்ந்திருப்பார் என்பதால் அவருடைய முகமும் துணியும் ஏறத்தாழத் தரை மட்டத்துக்கு வந்துவிடும். நாமும் சம்மணமிட்டு உட்கார்ந்தால்தான் கண்ணுக்குக் கண் வரும். தறிச் சட்டத்தில் சாயக் கூடாது. ஊடை நூலை நெருக்கப் பலகை அடிக்கும் ஒவ்வொரு முறையும் சட்டம் அதிரும், படமும் அதிரும், நூலும் அசையும். சுவரில் சாய்ந்து, ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போய்வருவதைத் தொடர்ந்து சுழற்றாமல், ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துவைத்தால், அது வந்து வந்து போகிற தாளம் தானாகவே படத்துக்குள் வந்துவிடும். விசைத்தறிக் கூடங்களில் ஒலி மைக்கை மீறிப் போகும். அங்கே பேட்டி எடுக்க முயல்வது வீண். வாசலுக்கு வெளியே, சத்தம் பின்னணியாகக் கேட்கும் தொலைவில் பேச வைக்க வேண்டும்.

நண்பகலுக்கு ஐந்து ரோடு. 2020-இல் திறக்கப்பட்ட ஈரடுக்கு மேம்பாலத்தின் அடியில் எந்நேரமும் நிழல், சாய்ந்துகொள்ளப் பெரிய தூண்கள், வெளியே வெயிலில் ஓடும் வாகனங்கள். நிழலிலிருந்து வெயிலைப் பார்த்து எடுத்தால் தூண்களே கறுப்புச் சட்டமாகிவிடும். மாலையில் தட்டுவடை செட் கடைகள்: வண்டியின் விளக்கு மேலிருந்து விழ, தட்டுவடையின் மேல் சட்னியும் துருவிய காய்கறியும் அடுக்கப்படும் வேகத்தை எடுக்க, வாங்கிச் சாப்பிட்டு முடித்த பிறகு கேட்பதே முறை. கூட்டம் சேர்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை இந்த ஊரிலிருந்தே எடுத்தது; தமிழின் முதல் வண்ணப்படமும் மலையாளத்தின் முதல் பேசும் படமும் அவற்றில் அடங்கும். கேமராவோடு சேலத்துக்கு வரும் எவரும் அங்கே ஒரு முறை நிற்கத்தான் வேண்டும். வளைவுக்கு நேர் எதிரே நின்று எல்லாரும் எடுக்கிறார்கள். சாலையின் மறுபக்கம் சற்றுத் தள்ளி ஒரு கம்பத்தில் சாய்ந்து நின்றால், ஏற்காட்டுக்குப் போகும் பேருந்துகள் முன்னால் கடக்க, பின்னால் வளைவு மறைந்து மறைந்து வெளிப்படும். ஒரு காலத்தின் மீது இன்னொரு காலம் கடந்து போவதை அங்கே வேறெந்த உத்தியும் இல்லாமல் காட்டிவிடலாம்.

எடுக்கக் கூடாத இடங்களையும் முன்பே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ரயில் நிலைய நடைமேடைகளில் படப்பிடிப்புக்கு ரயில்வேயின் முன் அனுமதி தேவை. கோயில்களுக்குள் கைப்பேசிகளைத் தடை செய்யுமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. ஆகவே சுகவனேசுவரர் கோயிலோ கோட்டை மாரியம்மன் கோயிலோ, நமக்கு உரியது வெளித்தெருதான். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. தேங்காய்க் கடையும் பூக்கடையும் செருப்பு விடும் இடமும் கோயிலுக்குள் இருப்பதைவிட அதிகமான கதைகளை வைத்திருக்கின்றன.

இனி மலை. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தில் போனபடி எடுப்பதானால், ஜன்னல் கம்பியில் கேமராவை ஊன்றக் கூடாது. இன்ஜினின் அதிர்வு முழுவதும் படத்தில் இறங்கிவிடும். முதுகை இருக்கையிலிருந்து சற்று விலக்கி, கைகளை எதிலும் படாமல் வைத்தால் நம் உடம்பே அதிர்வை வாங்கிக்கொள்ளும். சாய்மானம் வேண்டாத ஒரே இடம் இதுதான். இருசக்கர வாகனத்தில் போகிறவர்கள் வளைவிலேயே நிறுத்தி எடுப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பதறும். நீண்ட வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். உள்வளைவில் நிற்பவருக்கு ஒதுங்க இடம் இருக்காது. வளைவு ஏறி முடிந்தபின் சாலை அகலும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கைப்பிடிச் சுவருக்குப் பின்னாலிருந்து கீழ் வளைவைப் பார்த்தால், பேருந்து கீழே மறைந்து, மரங்களுக்கு நடுவே ஹாரன் மட்டும் கேட்டு, பிறகு நமக்கு நேர் கீழே தலை காட்டும். சுவரின் மேல் இரு முழங்கைகளையும் ஊன்றிக்கொள்ளலாம். கையில் தின்பண்டப் பை இருந்தால் குரங்குகள் கேமராவையும் சேர்த்தே இழுக்கும். உணவை வண்டிக்குள் பூட்டிவிட வேண்டும், அவற்றுக்குக் கொடுக்கவும் கூடாது. கனமழைக்குப் பின் 60 அடிப் பாலம் போன்ற இடங்களில் பாறையும் மண்ணும் சரிவதுண்டு. அந்த நாட்களில் மலைக்குப் போவதையே தள்ளிவைக்கலாம்.

மேலே, கிழக்கு விளிம்பில் உள்ள பகோடா பாயின்ட் காலைக்கு. சேலம் நகரைப் பார்த்த லேடிஸ் சீட் மாலைக்கு. லேடிஸ் சீட்டில் சூரியன் இறங்கியபின் கூட்டம் கலையத் தொடங்கும், அப்போதுதான் கைக்கேமராவுக்கு நேரம். நம் அட்சரேகையில் அந்திவெளிச்சம் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு மேல் தங்காது. அந்த இடைவெளியில் வானத்தின் நீலமும் கீழே ஊர் விளக்குகளும் ஒரே அளவுக்கு வரும் சில நிமிடங்கள் கிடைக்கும். முன்னதாகவே இடம் பிடித்து, லென்ஸையும் குவியத்தையும் (ஃபோகஸ்) வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இரும்புக் கைப்பிடியில் பலரும் சாய்ந்துகொண்டிருந்தால் அது ஆடும், பாறையில் உட்கார்ந்துகொள்வதே மேல். பகோடா பாயின்டில் காற்றுதான் இடைஞ்சல். மைக்குக்கு ரோமம் வைத்த உறை இல்லாவிட்டால் ஒலி பயன்படாது.

நவம்பர் முதல் ஜனவரி வரை மூடுபனிக்கு வருகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பனியில் தானியங்கிக் குவியம் பிடிமானம் இல்லாமல் முன்னும் பின்னும் தடவும். அருகிலுள்ள சில்வர் ஓக் மரத்தில் கையால் குவியத்தைப் பூட்டிவிட்டால் அந்த மரமே காட்சிக்கு ஆழத்தையும் கொடுக்கும். வெண்மையைக் கண்டு கேமரா தானாகவே இருட்டிக்கொள்ளும் என்பதால், வெளிச்ச அளவை ஏறத்தாழ ஒரு படி (ஸ்டாப்) கூட்டினால்தான் பனி சாம்பல் நிறமாகாமல் பனியாகவே இருக்கும்.

1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. சில்வர் ஓக் நிழலில் காபி, மரத்தின் மேல் மிளகுக் கொடி என்று அடுக்கடுக்காக நிற்கும் தோட்டங்கள் கேமராவைச் சுண்டி இழுக்கும். ஆனால் அவை தனியார் நிலம். கேட்டில் நிற்கும் காவலாளிக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் இருக்காது, நம்மால் அவருக்குத் தொல்லை வரக் கூடாது. எஸ்டேட்டின் கணக்கெழுதும் ரைட்டரையோ மேலாளரையோ முன்கூட்டியே பார்த்துக் கேட்க வேண்டும். கோடை மழை விழுந்த பின், மார்ச், ஏப்ரல் வாக்கில் காபி பூக்கும். கிளை முழுக்க வெள்ளையாக இருப்பது சில நாட்களே. பழம் பறிப்பு ஆண்டின் கடைசி மாதங்களில். பறிக்கும் கைகளை எடுக்கும்போது, அவர்கள் கூலி பறித்த எடையைப் பொறுத்து அமையலாம் என்பதை மனத்தில் வைத்து, ஒருவரையே நெடுநேரம் நிறுத்திவைக்காமல் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். அதேபோல் மலைக் கிராமங்களில், ஊர்ப் பெரியவரைப் பார்த்துப் பேசிய பின்பே கேமராவைப் பையிலிருந்து எடுக்கிறேன்.

சேர்வராயன் கோயில் இருக்கும் மேட்டுச் சமவெளி 1,600 மீட்டரைத் தாண்டிய உயரம். குகைக் கோயிலுக்குள் எடுப்பதில்லை. வெளியே திறந்த புல்வெளி. வெளிச்சத்தை மறைக்க எதுவும் இல்லை, சாயவும் எதுவும் இல்லை. தரையில் உட்கார்ந்து முழங்கால்களையே முக்காலியாக்கிக்கொள்ள வேண்டும். மலைக்கும் ஊருக்கும் வெப்பம் ஏழெட்டு டிகிரி வேறுபடும் என்பதால், குளிர்ந்த கேமராவைக் கீழே வந்தவுடன் வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் படியக்கூடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும்.

ஆடித் திருவிழாவையொட்டிக் குகை முதலிய பகுதிகளில் நடக்கும் வண்டி வேடிக்கையைக் கையில் கேமராவோடு எடுக்க விரும்புகிறவர்கள் முதல் நாளே போய்விட வேண்டும். கடவுளர் வேடமிட்டவர்கள் அலங்கரித்த வண்டிகளில் வரும் அந்த இரவில் தெருவுக்குள் நின்றால் கூட்டம் தள்ளிக்கொண்டே போகும். வண்டிகள் மெதுவாகத் திரும்பும் முனையைப் பகலிலேயே பார்த்துவைத்து, அங்குள்ள வீட்டாரிடம் திண்ணையில் நிற்கலாமா என்று கேட்டுவிடலாம். நான் கேட்ட வீட்டில் குழந்தைகளோடு என்னையும் நிற்க வைத்துக்கொண்டார்கள். திண்ணையின் உயரத்தில் கூட்டத்தின் தலைகள் சட்டத்தின் கீழ் விளிம்புக்குப் போய்விட, வண்டியும் வேடமும் முழுதாகக் கிடைத்தன.

கண்டுபிடித்த ஒவ்வோர் இடத்துக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குகிறேன். காட்சியை அதில் வர்ணிப்பதில்லை. அதைக் கைப்பேசிப் படமே சொல்லும். நின்ற இடம், சாய்ந்த பொருள், முகம் பார்த்த திசை, மாதம், மணி, ஒலியில் இருந்த தொல்லை, யாரிடம் கேட்டேன், அவர் எதை எடுக்க வேண்டாம் என்றார் என்பவற்றை மட்டும் எழுதுகிறேன். எடுத்த படத்துண்டைக் கேட்டவர்களுக்கு அனுப்பிவைத்தேனா என்பதற்கு ஓரத்தில் ஒரு குறி. அடுத்த மாதம் அதே தெருவுக்குப் போகும்போது முதலில் புரட்டுவது அந்த ஓரத்தைத்தான். அனுப்பாமல் விட்டது எதுவும் இருந்தால், அதை அனுப்பிய பிறகே அந்தத் தெருவுக்குப் போகிறேன்.